விறகுக்காரனின் இரண்டு பாட்டுகள்

ஆசிரியர் அறையில் அண்மையில் ஒரு நாள், இளம் ஆசிரியை ஒருவர், “ஐயா, உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது?” என்று கேட்டார். நான் சற்றும் தயங்காமல், கச்சேரி மேடைகளில் புகழ்பெற்ற கீர்த்தனை ஒன்றின் பெயரைச் சொன்னேன். அவரும் மதிப்போடு தலையசைத்தார். மாலையில் சுங்கைப்பட்டாணிச் சாலையில் வண்டியோட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது, என் வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அது அந்தக் கீர்த்தனை அன்று. திரைப்படத்தில் விறகுக்காரன் ஒருவன் தெருவில் பாடும் பாட்டு.

காலையில் நான் சொன்னது பொய் என்று கூற முடியாது. அந்தக் கீர்த்தனையும் எனக்கு விருப்பமானதே. ஆனால் என்னைக் கேட்ட வினாவுக்கு அது விடையன்று. தலைமையாசிரியர் ஒருவருக்கு எது பிடித்திருக்க வேண்டுமோ, அதைச் சொல்லிவிட்டேன். இசையைப் பற்றி நம்மில் பலர் பேசும் முறை இதுவே. பிறர் மதிக்கும் பாட்டை வாயால் புகழ்வோம். நமக்கு வேண்டிய பாட்டைத் தனிமையில் பாடிக்கொள்வோம். ஆகவே இங்கு என் விருப்பத்தை மறைக்காமல் வைத்து, அதற்குத் தக்க காரணம் உண்டா என்று ஆராய முயல்கின்றேன். காரணம் சொல்லத் தெரியாத விருப்பம் சுவைஞனுக்குப் போதும், ஆசிரியனுக்குப் போதாது. அவன் விருப்பம் ஒருநாள் மாணவன்மேல் தீர்ப்பாக இறங்கும். அவ்வாறு இறங்கிய ஒரு தீர்ப்பைப் பற்றியும் பின்னர்ச் சொல்லவேண்டியிருக்கின்றது.

நான் எடுத்துக்கொள்வது ‘திருவிளையாடல்’ என்னும் படம். ஏ.பி. நாகராஜன் இயக்க, கே.வி. மகாதேவன் இசையமைக்க, 1965-ஆம் ஆண்டு வெளிவந்தது. திரைப்படப் பாட்டை ஆராய்ச்சிப் பக்கத்தில் வைத்துப் பேசலாமா என்று சில அன்பர்கள் கேட்கலாம். கெடாத் தோட்டங்களில் வளர்ந்த என் வயதினர்க்குச் சபாக்களும் கச்சேரிகளும் எட்டாத தொலைவில் இருந்தன. தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டிய வெள்ளைத்துணியும், கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியும், வானொலிப் பெட்டியுமே எங்கள் இசைப்பள்ளிகள். அன்றியும், இசையில் உயர்ந்தது எது என்னும் வழக்கு அந்தப் படத்திற்குள்ளேயே நடக்கின்றது. வழக்கில் வரும் பாட்டுகளோ வாசகர் பெரும்பாலோர் கேட்டவை. நான் தவறாகச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வழக்கின் மூலம் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள விறகு விற்ற படலம். வடதிசையிலிருந்து ஏமநாதன் என்னும் யாழ் வல்லவன் மதுரைக்கு வருகின்றான். வரகுண பாண்டியன் அவனுக்கு எதிராகப் பாடுமாறு தன் அவைப் பாணனாகிய பாணபத்திரனைப் பணிக்கின்றான். ஏமநாதனுடைய மாணவர்கள் பாடுவதைக் கேட்டே கலங்கிய பாணபத்திரன் ஆலவாய் இறைவனிடம் முறையிடுகின்றான். இறைவன் முதுமையுற்ற விறகாளாக வந்து, ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பாடுகின்றான். நீ யார் என்று கேட்டவனுக்கு, தான் பாணபத்திரனிடம் இசை கற்க வந்தவன் என்றும், முதுமையால் ஆகாதவன் என்று தள்ளப்பட்டவன் என்றும் விடை சொல்கின்றான். தள்ளப்பட்டவனின் பாட்டே இதுவானால், ஆசிரியனின் பாட்டு எப்படியிருக்கும் என்று அஞ்சி, ஏமநாதன் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடுகின்றான்.

இக்கதையின் நயம் எங்கே இருக்கின்றது? பெரும் புலவனை அவனினும் பெரிய புலவன் வெல்லவில்லை. விறகு சுமப்பவன் வெல்கின்றான். அதுவும் போட்டி என்று ஒன்று நடவாமலே வெல்கின்றான். இறைவன் தன் பெருமையைக் காட்டினால் கதை கெட்டுவிடும். எளியவனாகவே நின்று பாடினால்தான் ஏமநாதன் ஓடுவதற்குக் காரணம் உண்டாகும். இதனை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தின் பாட்டுகளைக் கேட்போம்.

முதலில் புலவனின் பாட்டு. படத்தில் ஹேமநாத பாகவதராகத் தோன்றுபவர் டி.எஸ். பாலையா. குரல் பாலமுரளிகிருஷ்ணாவினுடையது. பாண்டியன் அவையில் தன் இசையின் பெருமையைத் தானே எடுத்துரைக்கும் இப்பாட்டில், கண்ணதாசன் தமிழாசிரியர்கள் மகிழத்தக்க ஒரு வேலை செய்திருக்கின்றார். இராகங்களின் பெயர்களைப் பாட்டின் பொருளோடு இயையச் சிலேடையாகப் பொதிந்து வைத்திருக்கின்றார். எழுந்து ஓடிவரும் செயலுக்குள் தோடி ஒளிந்திருக்கின்றது. அரசவையைச் சொல்லும் சொல்லில் தர்பார் இருக்கின்றது. மோகனமும் கானடாவும் இவ்வாறே அமைகின்றன. ஒவ்வொரு பெயரும் வருமிடத்தில் பாட்டும் அந்த இராகத்திற்கு மாறுகின்றது. வகுப்பில் சிலேடையணியைச் செவிவழியே விளக்க இதனினும் நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பாலமுரளிகிருஷ்ணா இதனைப் பாடியிருக்கும் முறையைக் குறைவாக மதிப்பது பெரும் பிழை. பாடுவது செருக்கு, ஆனால் பாடும் குரலில் முயற்சியின் சாயலே இல்லை. உண்மையான செருக்கு அப்படித்தான் இருக்கும். வியர்வை தெரிந்தால் அது வீம்பாகிவிடும். இராகம் மாறும் இடங்களில் படி ஏறுவது தெரியாமல் ஏறிவிடுகின்றார். சொல் எதுவும் சிதையவில்லை. படத்தின் கதைப்படி தோற்க வேண்டிய பாட்டு இது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தோற்க மறுக்கின்றது.

இனி, அதனை வெல்ல வேண்டிய பாட்டு. விறகுவெட்டியாகத் தோன்றும் சிவாஜி கணேசனுக்காக டி.எம். சௌந்தரராஜன் கௌரிமனோகரி இராகத்தில் பாடியது. இறைவனே பாடகனாகவும் வாத்தியக்காரர்களாகவும் பல உருவில் தோன்றுகின்றான். பாட்டு நின்றால் உலகமும் அசைவற்று நிற்பதாகக் காட்சி அமைந்திருக்கின்றது. மேல்நிலைச் சுரங்களிலும் சௌந்தரராஜனின் சொற்கள் கல்லில் வெட்டியவைபோல் நிற்கின்றன. திடலில் தரையில் அமர்ந்து முதன்முறை அதனைக் கேட்ட எட்டு வயதுச் சிறுவன் நான். அருவியும் கடலும் நின்றபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். இன்றும் அந்த இடத்தில் மூச்சு அடங்கத்தான் செய்கின்றது.

எனினும் திறனாய்வு நோக்கில் ஓர் ஐயத்தைச் சொல்லியாக வேண்டும். பாகவதர் தன்னைப் புகழ்ந்து பாடினார். அதற்கு விடையாக வருவது, எல்லாம் தானே என்று கூறும் பாட்டு. இறைவன் அவ்வாறு சொல்லலாம். சமயநூல் அதற்கு இடங்கொடுக்கும். ஆனால் அவன் தள்ளப்பட்ட மாணவனாக அல்லவா வந்திருக்கின்றான்? வேடத்தைக் கலைத்துவிட்டுப் பாடினால், ஹேமநாதர் அஞ்சியோட வேண்டியது பாணபத்திரருக்கா, கடவுளுக்கா? புராணத்திலும் பாட்டைக் கேட்ட உயிர்கள் தம்மை மறந்து நிற்பதுண்டு. ஆயினும் அங்கே அவை கேட்பின்பத்தால் நின்றன. படத்திலோ பாடுபவன் நிறுத்தியதால் நிற்கின்றன. முன்னது இசையின் ஆற்றல். பின்னது அதிகாரத்தின் ஆற்றல். செருக்கை அதனினும் பெரிய செருக்கால் வென்றதாக முடியும்போது, புராணத்தின் நயம் கைநழுவிப் போய்விடுகின்றது.

அந்த நயத்தைப் படம் முற்றிலும் இழந்துவிட்டதா? இல்லை. வேறோரிடத்தில் வைத்திருக்கின்றது. அந்த இரவுப் பாட்டிற்கு முன்பு, பகலில், அதே விறகுவெட்டி தெருவில் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதனையும் பாடியவர் சௌந்தரராஜனே. பேச்சுத்தமிழில் அமைந்த எளிய மெட்டு. நிற்கும் பச்சைமரம், சாய்ந்த மரம், அடுப்பில் இட்ட விறகு, எஞ்சும் கரி என்று மரத்தின் கதையாகத் தொடங்கி, மனிதனின் கதையாகச் சென்று முடியும். சித்தர் பாடல்களின் போக்கு அது. ஆலாபனை இல்லை, சுரக்கோவை இல்லை, இராகத்தின் பெயரை எவரும் கேட்பதில்லை. வேலை செய்பவன் மூச்சு எவ்வளவோ அவ்வளவே அடியின் நீளம்.

விறகுக்காரன் பாடியிருக்கக்கூடிய பாட்டு இதுவே. ஏமநாதனின் திண்ணையில் ஒலித்திருக்க வேண்டியதும் இதுவே என்பது என் துணிபு. இப்பாட்டைக் கேட்டும் ஒரு புலவன் ஊரைவிட்டு ஓடுவானா என்று கேட்கலாம். நல்ல புலவனாக இருந்தால் ஓடுவான். தன்னால் எதைச் செய்ய முடியாது என்பது நல்ல புலவனுக்கு உடனே விளங்கும்.

இத்துணிபுக்கு என் ஊர் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. என் தந்தையார் பீடோங்கிற்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளி விடுமுறை நாட்களில் மங்கு துடைக்க நானும் வெளிக்காட்டுக்குப் போவேன். விடியுமுன் தொடங்கும் வேலை. ஒரு நிரையில் இருப்பவர் முகம் அடுத்த நிரைக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றொருவர் இரண்டு நிரைக்கு அப்பாலிருந்து முடித்துவைப்பார். அங்கே நான் கேட்ட திருவிளையாடல் பாட்டு விறகுக்காரனின் பகல் பாட்டுத்தான். கௌரிமனோகரியை ஒருவரும் முயன்றதில்லை. காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து நடப்பவருக்கு அந்த மூச்சு ஏது?

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். சாய்ந்த மரங்களில் கிடைத்ததை லயத்து வீடுகளின் பின்புறத்தில் விறகாக அடுக்கிக்கொண்டோம். தாம் ஆண்டுக்கணக்கில் வெட்டிய நிரையின் மரம் எங்கள் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தபோது, என் தந்தையார் அருகில் அமர்ந்து அந்தப் பாட்டின் ஓர் அடியைச் சொன்னார். பாடவில்லை, பேச்சுப்போலச் சொன்னார். பிறகு எழுந்து போய்விட்டார்.

இந்நிகழ்ச்சியை உருக்கத்திற்காக இங்கே குறிக்கவில்லை. அதில் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. மெட்டை நீக்கி வெறும் வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் நிற்கக்கூடிய பாட்டு, பாடும்போதும் நிற்கும். மெட்டு நீங்கியதும் சரிந்துவிடும் பாட்டில், மெட்டு சொல்லைச் சுமந்திருக்கவில்லை, மூடியிருந்தது.

இவ்வளவுகோலை வைத்து அதே படத்தின் மற்றிரு குரல்களையும் பார்க்கலாம். பாணபத்திரராக நடித்துத் தாமே பாடிய டி.ஆர். மகாலிங்கமும், ஔவையாராக நடித்துத் தாமே பாடிய கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மகாலிங்கம் ஆலயத்தில் நின்று முறையிடும் பாட்டில் குரல் மேலே ஏற ஏறப் பாணனின் கலக்கம் மிகுகின்றது. உச்சத்தில் அவர் காட்டுவது வித்தையன்று, முறையீடு. சுந்தராம்பாளின் பாட்டிலோ, கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையை அழைக்கும் பாட்டியின் குரல் இருக்கின்றது. அந்தப் பாட்டின் உயிர்ச்சொல் ‘பழம்’. அச்சொல்லின் ழகரத்தை அவர் ஒலிக்கும் முறையைக் கேட்ட குழந்தை ‘பளம்’ என்று பிறகு சொல்லாது. பயிற்சிக் கல்லூரியில் ஒலிப்புறுப்புகளின் படம் வரைந்து எங்களுக்குக் கற்பித்தார்கள். நாக்கு எங்கே வளைகின்றது என்பதை அம்புக்குறியிட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தைக் கொண்டு ஒரு பிள்ளைக்கும் நான் ழகரம் கற்பித்ததில்லை. சுந்தராம்பாளைக் கொண்டு பலருக்குக் கற்பித்திருக்கின்றேன்.

இத்தெளிவு எங்கிருந்து வந்தது? ஒலிபெருக்கி இல்லாத மேடையிலிருந்து வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் கதையே பாட்டில்தான் நடந்தது. கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவனுக்குச் சொல் விளங்காவிட்டால் கதை விளங்காது. ஆகவே சொல்லை எறியக் கற்றார்கள். எறியும்போது உடையாமல் எறியக் கற்றார்கள். கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் அந்த மேடையில் விளைந்தவர்களே. 1944-இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பர். பாபநாசம் சிவனின் பாட்டும் பாகவதரின் குரலும் அதற்குக் காரணம். பாகவதர் கமகங்களை வாரியிறைப்பவர். ஆனால் சொல் முடிந்த பிறகே இறைப்பார். முதலில் சொல்லை உங்கள் கையில் கொடுத்துவிடுவார், பிறகு விளையாடுவார். சௌந்தரராஜன் திரைக்கு வந்த தொடக்கக் காலத்தில் பாகவதரின் பாணியையே பின்பற்றினார். பிறகு தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டபோதும், அந்த ஒழுங்கைக் கைவிடவில்லை.

இங்கே தமிழாசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. சௌந்தரராஜன் மதுரையில் சௌராட்டிர மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பாலமுரளிகிருஷ்ணாவின் தாய்மொழி தெலுங்கு. உச்சரிப்புக்குச் சான்றாக நாம் அடிக்கடி காட்டும் பி. சுசீலாவின் தாய்மொழியும் தெலுங்கே. தமிழ் தங்கள் வீட்டுமொழி என்ற உரிமையில் இவர்கள் பாடவில்லை. சொல்லைக் கற்று, காத்து, அஞ்சிப் பாடினார்கள். நம் பிள்ளைகளோ தமிழ்வீட்டில் பிறந்தும் வலைக்கு ‘வளை’ என்கின்றார்கள். தாய்மொழி தானாக வந்துவிடும் என்னும் நம்பிக்கை நம்மைக் கெடுத்திருக்கின்றது. செம்பனை வந்த பிறகு தோட்டத்துக் குடும்பங்கள் பல சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்துவிட்டன. இன்று என் பள்ளியில் பிள்ளைகள் சிலரே. அவர்களிலும் பலர் நகரிலிருந்து வேனில் வருகின்றனர். நிரையில் கேட்ட குரல் அவர்களுக்கு இல்லை. பாட்டிலிருந்துதான் அவர்கள் சொல்லைக் கேட்டாக வேண்டும். அந்தப் பாட்டிலும் சொல் இல்லையென்றால் எங்கே போவார்கள்?

சொல் கெடாமல் பாடுவது என்றால் என்ன என்பதை இலக்கணக் கண்கொண்டு சற்று வரையறுப்போம். செய்யுளை அசைபிரிக்கும்போது சொல்லின் பொருளெல்லையைக் கருதாமல் பிரிப்பதை வகையுளி என்கின்றோம். ஏட்டில் அலகிடும்போது அது ஏற்கப்பட்ட முறை. ஆனால் பாடுபவன் தாளத்திற்காகச் சொல்லின் நடுவே மூச்சு வாங்கினால், அது செவிக்கு வகையுளியாகின்றது. கேட்பவன் ஒரு சொல்லை இரண்டு பொருளற்ற துண்டுகளாகப் பெறுகின்றான். அடுத்தது குறில் நெடில். ‘கலை’யை நீட்டினால் ‘காலை’. ‘மலை’யை நீட்டினால் ‘மாலை’. மூன்றாவது, லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், நகர ணகர னகரங்களும் தத்தம் இடத்தில் ஒலித்தல்.

குறிலை நீட்டுதல் எல்லாவிடத்தும் குற்றமா? பல ஆண்டுகள் நான் அப்படித்தான் கருதியிருந்தேன். தொல்காப்பியர் என்னைத் திருத்தினார். நூன்மரபின் இறுதியில் அவர், உயிர் தன் அளவு கடந்து ஒலித்தலும் ஒற்று நீண்டிசைத்தலும் உண்டு என்றும், அவை இசைநூலார்க்கு உரியவை என்றும் கூறுகின்றார். இலக்கணமே இசைக்கு வழிவிட்டிருக்கின்றது. ஆதலால் நீட்டுவது குற்றமன்று. நீட்டியபின் கேட்பவன் மனத்தில் வேறு சொல் தோன்றினால் அதுவே குற்றம். சுந்தராம்பாள் நீட்டாத எழுத்தா? ஆனால் அவர் நீட்டிய எந்த எழுத்தும் தன் சொல்லைவிட்டு வெளியே போனதில்லை. அந்த ஒற்று நீளும் இன்பத்தைக் கேட்கவேண்டுமானால் அவர் குரலில் மகரமும் ழகரமும் முடியும் இடங்களைக் கேட்க வேண்டும்.

இனி, முன்னர்க் குறித்த தீர்ப்பைப் பற்றிச் சொல்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமுறை ஓதும் போட்டியில் நடுவர் மூவருள் நானும் ஒருவன். நகரப் பள்ளியிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் சுருதிப்பெட்டியுடன் அமர்ந்து, ஒலிப்பதிவில் கேட்ட ஓதுவார் ஒருவரை அப்படியே பின்பற்றிப் பாடினான். பெரியவரின் நீண்ட அடிகளுக்கு அவனுடைய சின்ன மூச்சு போதவில்லை. ஆகையால் சொல்லின் நடுவே மூச்சு வாங்கினான். ஆனால் அசைவுகளெல்லாம் அழகாக விழுந்தன. அடுத்து, தோட்டப் பள்ளியிலிருந்து ஒரு சிறுமி. தோட்டத்துக் கோயிலில் பாட்டியிடம் கற்றவள். தாழ்ந்த சுருதியில், அசைவு எதுவுமின்றி, ஒருவரிடம் செய்தி சொல்வதுபோலப் பாடினாள். ஒரு சொல்லும் உடையவில்லை. அந்தப் பதிகத்தை நான் எத்தனையோ முறை ஓதியிருக்கின்றேன். அன்றுதான் அதன் ஓரடியின் பொருள் எனக்கு முழுதும் விளங்கியது.

விளங்கியும் என் பேனா வேறுவிதமாக எழுதியது. ‘இசைச் செறிவு போதாது’ என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். சிறுவனுக்குப் பரிசு, அவளுக்கு இல்லை. இடைவெளி இரண்டே மதிப்பெண். அவ்விரண்டும் என் தாளில் குறைந்தவை. நிகழ்ச்சி முடிந்த பின் அவள் என்னிடம் வந்து, “ஐயா, நான் எங்கே தப்பாப் பாடினேன்?” என்று கேட்டாள். தப்பாக எதுவும் பாடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடணும்மா” என்றேன்.

மறு ஆண்டு அவள் வந்தாள். நான் சொன்னதைச் செய்திருந்தாள். குறில்களெல்லாம் நெடில்களாயின, சொற்களின் நடுவே மூச்சு நின்றது, தலையும் கையும் அசைந்தன. அவ்வாண்டு நடுவர்களாக இருந்தவர்கள் அவளுக்குப் பரிசளித்தார்கள். மேடையில் எனக்கு வணக்கம் சொன்னபோது அவள் முகத்தில் நன்றி இருந்தது. கீழே அமர்ந்திருந்த நான் கைதட்டினேன். முந்திய ஆண்டு அவள் வாயிலிருந்த பதிகம் போய்விட்டது. அதைப் போக்கியவன் நான்.

ஏமநாதன் விறகாளின் பாட்டைக் கேட்டு ஓடினான். அவன் செவி என் செவியைவிட நேர்மையானது. நானோ விறகாளுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டு, ஏமநாதனைப்போல் பாடக் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவைத்தேன். ஆசிரியர் அறையில் கீர்த்தனையின் பெயரைச் சொன்னதற்கும் இதற்கும் வேர் ஒன்றே.

இதனால் இசைவளம் வேண்டா என்றோ, கச்சேரி இசை தமிழுக்குப் பகை என்றோ நான் கூறுவதாகக் கொள்ளற்க. வளமும் சொல்லும் ஒருங்கே வாழ முடியும் என்பதற்குத் தண்டபாணி தேசிகர் ஒருவரே போதிய சான்று. 1942-இல் வந்த ‘நந்தனார்’ படத்திலும், பின்னர்க் கச்சேரிகளிலும், இராகம் விரிய விரியச் சொல் தெளிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த அவர், தமிழிசை இயக்கத்தின் குரலாகவே விளங்கினார். 1941-இல் அப்பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமாக உருப்பெற்ற அவ்வியக்கம், தமிழ்ப்பாட்டுக்கு மேடையில் இடம் கேட்டுப் போராடியது. இடமும் கிடைத்தது. ஆனால் தமிழ்ப்பாட்டுக்கு மேடையில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. தமிழ்ச்சொல்லுக்குப் பாட்டில் இடம் கிடைக்க வேண்டும். முன்னதை அறிஞர்களும் வள்ளல்களும் பெற்றுத் தந்தார்கள். பின்னதைப் பெற்றுத் தர வேண்டியவர்கள் வகுப்பறையில் இருக்கின்றோம்.

என் பள்ளியில் இப்போது இரண்டு வழக்கங்களை மேற்கொண்டிருக்கின்றேன். எந்தப் பாட்டையும் பாடுவதற்கு முன் பிள்ளைகள் அதனைப் பேச்சாகச் சொல்ல வேண்டும். யாரிடமாவது செய்தி சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். எங்கே மூச்சு வாங்கலாம் என்பதைத் தாங்களே பென்சிலால் கோடிட்டுக்கொள்ள வேண்டும். ஓதுவாரின் மூச்சு அவருக்கு. பிள்ளையின் மூச்சு பிள்ளைக்கு. மற்றொன்று எனக்கே நான் விதித்துக்கொண்டது. நடுவராக அமரும்போது, பாட்டு முடிந்ததும் தாளைப் பார்க்காமல், இப்பிள்ளை எனக்கு என்ன சொன்னது என்று முதலில் கேட்டுக்கொள்கின்றேன். விடை கிடைத்தால் அதற்கு முதல் மதிப்பெண். இராகமும் தாளமும் அதன் பின்.

விறகுக்காரனின் இரவுப் பாட்டை நான் வெறுக்கவில்லை. இன்றும் கேட்டால் நின்று கேட்பேன். பகல் பாட்டே உயர்ந்தது என்னும் என் துணிபை மறுப்போர் பலர் இருப்பர். பாணபத்திரரைக் காக்க இறைவன் தன் முழு உருவையும் காட்டியதில் பிழையென்ன என்று அவர்கள் கேட்கலாம். அவ்வாறு கருதும் தமிழாசிரிய அன்பர்கள், இரு பாட்டுகளையும் மீண்டும் ஒருமுறை கேட்டு, இரண்டையும் மெட்டின்றி ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்து, பிறகு தம் கருத்தை எழுதுவார்களாக. அந்த இளம் ஆசிரியைக்கும் நாளைக் காலையில் சரியான விடையைச் சொல்லிவிடலாம் என்றிருக்கின்றேன்.